மின்சார ஸ்கூட்டரில் தினமும் ஆபீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி பக்கமிருந்து பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) அலுவலகங்களுக்கு இரு சக்கர வண்டியில் போய் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சென்னையின் வெயில், மழை, ஈபி பில், வாடகை வீடு எல்லாவற்றையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வேறு ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வாங்குவதற்கு முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வண்டி இரவில் நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள். ஷோரூமுக்கு அப்புறம் போகலாம். அந்த இடத்தில் ஒழுங்காக எர்த் கொடுத்த 15 ஆம்ஸ் பிளக் இருக்கிறதா? அது உங்கள் மீட்டரிலிருந்து வருகிறதா? சாரல் அடிக்காத இடமா? வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியை வண்டி மறிக்காமல் இருக்குமா? இத்தனைக்கும் ஆம் என்றால் நல்ல கம்பெனி வண்டி எதுவும் உங்களுக்கு ஒத்துவரும். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தினமும் மல்லுக்கட்டுதான். வாங்கிய வேகத்தில் விற்றுவிட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், வண்டியைக் குறை சொல்கிறவர்களைவிட இரண்டாவது மாடியிலிருந்து ஒயர் இழுத்துச் சார்ஜ் போட்டுச் சலித்துப்போனவர்கள்தான் அதிகம்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். பெட்ரோல் ஸ்கூட்டர் வழியில் நின்றால் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கழற்றிப் பார்த்துவிடுவார். மின் வண்டியின் கன்ட்ரோலரிலோ (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) பேட்டரியிலோ கோளாறு வந்தால் கம்பெனி ஆள் லேப்டாப்பை மாட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் பணம் கட்டும் முன் ஒரு சனிக்கிழமை காலை உங்களுக்குப் பக்கத்திலுள்ள சர்வீஸ் சென்டருக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். வண்டி விட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்கள், உதிரி பாகம் உடனே கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஏத்தர், டிவிஎஸ் ஐக்யூப் இரண்டும் ஓசூரில் தயாராகின்றன. ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில், ஆம்பியர் ராணிப்பேட்டையில். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் சர்வீஸும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பகுதி சென்டரில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

விளம்பரத்தில் 140, 150 கிலோமீட்டர் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு ஓடும்?

அந்த எண், வரையறுத்த ஓட்டமுறைப்படி சோதனையில் எடுத்தது. அதில் சுமார் 70 சதவீதம் நகரத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியின் அளவைக் கிலோவாட் ஹவரில் சொல்வார்கள். ஒரு கிலோவாட் ஹவர் என்பது ஈபி பில்லில் வரும் ஒரு யூனிட்டேதான். 3 கிலோவாட் ஹவர் பேட்டரி 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். தனியாக, நிதானமாக ஓட்டினால் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட் ஹவர் செலவாகும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போனால் 40 வரை போகும். அதாவது ஒரே பேட்டரி ஒருவருக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், இன்னொருவருக்கு 75-ல் முடிந்துவிடும்.

டிராஃபிக்கில் மாட்டினால் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் வரும் பயம் இது. மேடவாக்கம் சந்திப்பில் பத்து நிமிடம் நின்றாலும் மோட்டார் எதையும் இழுக்காது. விளக்கும் திரையும் எடுப்பது சொற்பம். பேட்டரியைக் காலி செய்வது காலிச் சாலை. பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் முன்னால் வண்டி இல்லையென்று முறுக்கிப் பாருங்கள், சதவீதம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். 40-லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போனால் காற்று எதிர்க்கும் விசை இரண்டேகால் மடங்காகிறது. அவசரமில்லாத நாளில் 45-லேயே போனால் வீட்டுக்கு வரும்போது மீதி நிறைய இருக்கும்.

அப்படியானால் எனக்கு எந்த அளவு பேட்டரி போதும்?

தினமும் போய் வரும் மொத்தத் தூரம், வண்டியின் உண்மையான ரேஞ்சில் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு இதுதான். பேட்டரி வயதாக ஆகக் கொஞ்சம் குறையும், மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிடுவார்கள், திரும்பும் வழியில் குழந்தையை டியூஷனிலிருந்து அழைத்து வரச் சொல்லி போன் வரும். இவ்வளவுக்கும் அந்த மிச்சம் வேண்டும். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய் வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 70 கிலோமீட்டர் உறுதியாக ஓடும் வண்டி போதும், 3 கிலோவாட் ஹவர் என்றால் நிம்மதி. சிறுசேரி சிப்காட் வரை போகிறவர் 3.5-க்குக் குறைய வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து எட்டு, பத்து கிலோமீட்டருக்குள் வேலை இருப்பவர் பெரிய பேட்டரிக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. 2 கிலோவாட் ஹவர் வண்டியே தாராளம்.

மாதம் எவ்வளவு மிச்சமாகும்? ஈபி பில் ஏறாதா?

ஏறும், ஆனால் பெட்ரோலோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை. மாதம் 25 நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் 22 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 2,200 ரூபாய். மின் வண்டிக்கு, சார்ஜரில் சூடாக வீணாவதையும் சேர்த்து, 35 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டாலும் 280 ரூபாய்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வண்டி அந்த இரண்டு மாதத்தில் 70 யூனிட் சேர்க்கும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே 450 யூனிட் ஓடுகிறது என்றால் இப்போது 520. 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் ஏறக்குறைய பாதி விலையில் கிடைக்கும். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், அதற்கு மேல் ஓடும் யூனிட்டுகளின் விலையும் கூடும். ஒரே தாவலில் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறுவது இப்படித்தான். ஏசி ஓடும் கோடை மாதங்களில் எப்படியும் 500-ஐத் தாண்டுகிற வீடு என்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விளிம்பில் நிற்கிற வீடு என்றால் மீட்டரை மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள், ஆபீஸில் சார்ஜ் போட வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சங்கத்தில் சார்ஜ் பாயிண்ட் வைக்க விட மாட்டேன் என்கிறார்கள்.

சொந்த வீட்டு மின் இணைப்பைக் கொண்டே மின்வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் சார்ஜிங் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. அதை எடுத்துக் காட்டலாம். ஆனால் சங்கத்து ஆட்களிடம் சட்டம் பேசுவதைவிட, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்பது பலன் தரும். பெரும்பாலும் இரண்டு பயம்: பொது மீட்டரில் யார் காசு கட்டுவது, தீப்பிடித்தால் என்ன செய்வது.

முதல் பயத்துக்குப் பதில், உங்கள் மீட்டரிலிருந்தே தனி லைன் இழுப்பது. மீட்டர் பெட்டியிலிருந்து பார்க்கிங் வரை பைப்புக்குள் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அணைந்துவிடும் தனி எம்சிபி, கசிவு வந்தால் அணைந்துவிடும் ஆர்சிசிபி, முனையில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் 15 ஆம்ஸ் பிளக். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்யுங்கள். இரண்டாவது பயத்துக்கும் இந்த ஒழுங்கான வயரிங்தான் பாதிப் பதில். மாடிப்படிக்குக் கீழேயும் லிஃப்ட் வாசலிலும் சார்ஜ் போட மாட்டேன் என்று நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்யாதீர்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். பொது லைனில்தான் எடுக்க முடியும் என்றால் ஒரு சப் மீட்டர் மாட்டிக்கொண்டால் மாதக் கடைசியில் மனஸ்தாபம் வராது.

சாதாரண 5 ஆம்ஸ் பிளக்கில், ஜங்ஷன் பாக்ஸ் வைத்துச் சார்ஜ் போடலாமா?

வேண்டாம். சார்ஜர் இழுக்கும் மின்சாரம் மிக்ஸி, கிரைண்டரைவிடப் பெரிதில்லை என்பது சரிதான். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும். சார்ஜர் நான்கைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்த பிளக்கும் மெல்லிய ஒயரும் சூடாகி உருகுவது அந்த நீண்ட நேரத்தில்தான். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அரை மணி கழித்துப் பிளக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பல சார்ஜர்கள் எர்த் இல்லாத பிளக்கில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். அதை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டும் ‘டெக்னிக்’ சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் வண்டியின் உலோகப் பாகமெல்லாம் ஷாக் அடிக்கும்.

தினமும் 100 சதவீதம் ஏற்றலாமா? 80-ல் நிறுத்தச் சொல்கிறார்களே?

பேட்டரியின் வகையைப் பொறுத்தது. இங்கே ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி வகை. அது முழுதாக நிரம்பிய நிலையில் வெயிலில் நிற்பதை வெறுக்கும். உங்கள் தினசரித் தூரத்துக்கு 80 போதுமென்றால் 80-ல் நிறுத்துங்கள். பல வண்டிகளின் ஆப்பிலேயே இந்த வரம்பை வைத்துக்கொள்ளலாம். நீண்ட தூரம் போகும் நாளில் தயங்காமல் 100 ஏற்றுங்கள், ஏற்றி முடித்த கையோடு கிளம்புங்கள். எல்எஃப்பி என்னும் இரும்பு பாஸ்பேட் வகை (ஆம்பியர் நெக்ஸஸில் இருப்பது இது) இந்த விஷயத்தில் சாதுவானது. அதை அவ்வப்போது 100 வரை ஏற்றுவதுதான் நல்லது. அதன் வோல்டேஜ் நடுவில் அதிகம் மாறாததால், முழுதாக ஏறினால்தான் மீதி எவ்வளவு என்பதை வண்டி சரியாகக் கணிக்கும்.

எந்த வகையானாலும் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு அப்படியே இரண்டு நாள் போட்டுவைக்காதீர்கள்.

ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? தீப்பிடித்த செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்தன. அதற்கப்புறம்தான் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளை அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேட்டரிக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சார்கள், தண்ணீர் புகாத பெட்டி, ஒரு செல் எரிந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடு எல்லாம் கட்டாயமாயின. ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதா என்று பார்ப்பது நல்லது.

அதற்குப் பிறகும் என் பதில், தூங்கும்போது வீட்டுக்குள் சார்ஜ் போட வேண்டாம் என்பதுதான். அந்தக் குடும்பத்தின் உயிரைப் பறித்தது புகை. லித்தியம் பேட்டரிப் புகை நச்சு. ஆகவே முக்கியமான கேள்வி, வண்டி எங்கே நிற்கிறது என்பது. திறந்த பார்க்கிங்கில், வீட்டு வாசலை விட்டு விலகி நின்றால் இரவில் ஏற்றலாம். வீட்டு நடையிலோ வரவேற்பறையிலோ படிக்கட்டின் அடியிலோதான் இடம் என்றால், மாலை வந்து வண்டி ஆறியதும் போட்டு, படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். தினசரிப் பயணத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரச் சார்ஜே போதும். கழற்றிப் போகும் பேட்டரி உள்ளவர்களும் அதைப் படுக்கையறையிலோ வாசல் கதவோரத்திலோ வைத்து ஏற்றக் கூடாது.

பேட்டரியிலிருந்து சீறும் சத்தமோ வெள்ளைப் புகையோ வந்தால் அணைக்க முயலாதீர்கள். முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள்.

அக்கினி நட்சத்திரத்தில் வண்டி தாங்குமா?

தாங்கும், ஆனால் வண்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்வது கெடுதல், அதனால் பல வண்டிகளில் சார்ஜ் ஏறுவதே மெதுவாகும் அல்லது நின்றுவிடும். மே மாத மதியத்தில் வெட்டவெளி பார்க்கிங்கில் நின்ற வண்டி எளிதாக அந்தச் சூட்டைத் தொடும். ஆபீஸில் நிழலான இடத்துக்காகக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புவது பேட்டரிக்குச் செய்யும் பெரிய உபகாரம். வந்து நிறுத்திய உடனே பிளக்கை மாட்டாமல் அரை மணி, முக்கால் மணி ஆறவிடுங்கள். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பவற்றில் சென்னைக்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்தச் சூட்டைத்தான்.

மழையில் ஓட்டலாமா? தண்ணீர் தேங்கிய ரோட்டில்?

மழையில் தாராளமாக ஓட்டலாம். தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். ஐபி 67 என்று சொல்லிக்கொள்வதன் பொருள், அந்தப் பாகத்தை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தாலும் உள்ளே புகாது என்பது. அந்தச் சோதனை புதிய பாகத்தை அசையாத, சுத்தமான நீரில் வைத்து நடப்பது. மூன்று வருடம் குண்டும் குழியுமான ரோட்டில் அடி வாங்கிய ரப்பர் சீல், பள்ளிக்கரணையில் பஸ் எழுப்பும் அலையைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. மேலும் அந்த எண் பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான், வண்டியின் எல்லா ஒயர் இணைப்புக்கும் இல்லை. கால் வைக்கும் பலகையைத் தண்ணீர் தொடும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்கு அடியில் திறந்த சாக்கடை இருக்கலாம் என்பது எந்த வண்டிக்கும் பொதுவான காரணம்.

புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே வண்டியை மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் பட்ட அனுபவத்தில்தான் 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது சரி. பேட்டரி மூழ்கும் அளவுக்கு வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால், வடிந்த பிறகு ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உள்ளே புகுந்த நீர் நாள் கழித்தும் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வைக்கலாம். போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு, தள்ளிக்கொண்டு போய்த் திறந்தவெளியில் நிறுத்தி, கம்பெனி ஆட்களை வரவழையுங்கள். பாலிசி எடுக்கும்போதே பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் பணம் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்ற வேண்டியதில்லை. அப்புறம் சர்வீஸில் என்னதான் செய்கிறார்கள்?

இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் கிடையாது. மற்ற எல்லாம் உண்டு. டயர், பிரேக், வீல் பேரிங், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), ஷாக் அப்சார்பர் எல்லாம் எந்த ஸ்கூட்டரையும் போலத் தேயும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் பகுதிகளில் தினமும் போகிறவர்களுக்குக் கோன் செட் சீக்கிரமே ஆடத் தொடங்கும். வண்டி சத்தமில்லாமல் ஓடுவதால் ஒரு லாபம்: முன்பக்கம் ‘டக் டக்’ என்று வந்தால் முதல் நாளே காதில் விழும். விழுந்ததும் காட்டிவிடுங்கள். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு பெல்ட் போகும் வண்டிகளில் அதன் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். பஜாஜ் சேத்தக் போல கியர் பெட்டி உள்ளவற்றில் அதன் ஆயிலையும் பார்ப்பார்கள். ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் பெல்ட்டும் இல்லை.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியதில் முதலிடம் டயர் காற்றுக்கு. பேட்டரியோடு பல மின் ஸ்கூட்டர்கள் 110 கிலோவுக்கு மேல் எடை வரும். காற்று குறைந்தால் ரேஞ்ச் உடனே அடிவாங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு அடியுங்கள். திடீரென்று ரேஞ்ச் குறைந்துவிட்டது, பேட்டரி போய்விட்டது என்று பதறுகிறவர்கள் முதலில் பெட்ரோல் பங்குக்குப் போய்க் காற்றைப் பாருங்கள்.

வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் பம்ப்பால் சார்ஜிங் துவாரத்திலும் சீட்டுக்கு அடியிலும் அடிக்க விடாதீர்கள். வாளித் தண்ணீரும் துணியும் போதும். கடற்கரை ஓரம் குடியிருப்பவர்கள் சர்வீஸின்போது இணைப்புகளில் உப்புக் காற்றால் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கிங்கில் எலித் தொல்லை இருந்தால் அதை முதலில் ஒழியுங்கள். எலி கடித்த ஒயருக்கு வாரன்டி கிடையாது.

பஞ்சர் ஆனால் தெருவில் ஒட்ட முடியுமா?

டியூப்லெஸ் டயர் என்றால் முடியும். சக்கரத்தைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஸ்ட்ரிப் சொருகுவார்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டிய பெரிய கிழிசல் என்றால், மோட்டார் சக்கரத்துக்குள் இருக்கும் வண்டிகளில் தெருக் கடைக்காரரைத் தொட விடாதீர்கள். ஒயர் அறுந்தால் செலவு பெரிது.

பிரேக் பிடிக்காமலே வண்டி நிற்கிறதே, அதில் ஆபத்து உண்டா?

ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பும். பிரேக் பேட் அதிகம் தேயாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருக்கும்போது திருப்பி அனுப்ப இடமில்லை, அந்த இழுவை குறையும் அல்லது இருக்காது. முழுச் சார்ஜோடு காலையில் கிளம்பி முதல் சிக்னலில் வழக்கம்போல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். கை எப்போதும் பிரேக்கில் இருக்கட்டும். நாளுக்குச் சில தடவையாவது இரண்டு பிரேக்கையும் பிடித்து ஓட்டுங்கள்.

பேட்டரி 70 சதவீதம் காட்டுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன பார்ப்பது?

சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். அது முழுதாக மடங்கவில்லை என்று சென்சார் நினைத்தால் வண்டி நகராது, அதில் சேறு அப்பியிருந்தாலும் இதே கதை. அடுத்து பிரேக் லீவர். பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளில் லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் கெட்டால் வண்டிக்கு நீங்கள் பிடித்தது தெரியாது. பின்பக்க பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். திரையே வரவில்லை என்றால் பல வண்டிகளில் தனியாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் அதை எழுப்பிவிடுவது இந்தச் சின்ன பேட்டரிதான். இவை எதுவும் இல்லையென்றால் ஒருமுறை முழுதாக அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். அப்புறம் சாலை உதவி எண்.

சாஃப்ட்வேர் அப்டேட்டை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை எட்டரைக்கு ‘இப்போது நிறுவவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

லைசென்ஸ், நம்பர் பிளேட், புகைச் சான்றிதழ்?

25 கிலோமீட்டர் வேகத்துக்குள், 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் உள்ள வண்டிக்கு மட்டும் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஓஎம்ஆரில் அந்த வேகத்தில் லாரிகளுக்கு நடுவே போவது ஆபத்து, ஆபீஸ் பயணத்துக்கு அதை வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கியர் இல்லாத இரு சக்கர வாகன லைசென்ஸ், பதிவு, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து நம்பர், ஹெல்மெட் வேண்டும். புகைச் சான்றிதழ் தேவையில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் மின்வாகனங்களுக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. போடும்போது கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஊருக்குப் போகிறேன், வண்டி ஒரு மாதம் நிற்கும்.

பாதிக்குச் சற்று மேல், 50 முதல் 60 சதவீதம் வைத்து நிழலில் நிறுத்துங்கள். சார்ஜரில் மாட்டிவைக்க வேண்டாம். காலியாக விட்டுப் போனால் மெல்லக் கசிந்து, திரும்பி வரும்போது சார்ஜே ஏற்க மறுக்கும் நிலைக்குப் போகலாம்.

பழைய மின் ஸ்கூட்டர் வாங்கலாமா?

வாங்கலாம், பேட்டரியின் நிலை எழுத்தில் கிடைத்தால். விலையில் பெரும்பங்கு பேட்டரிதான், அது வெளியே பார்த்தால் தெரியாது. விற்கிறவரோடு சர்வீஸ் சென்டருக்கே போய் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது பிடித்ததில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று அதில் வரும். நீண்ட வாரன்டி தரும் கம்பெனிகள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவதாகச் சொல்கின்றன. அப்படியானால் 72-ல் இருக்கும் வண்டி, வாரன்டி முடிய நாள் மிச்சமிருந்தால், 80-ல் வாரன்டி முடிந்த வண்டியைவிட நல்ல பேரமாகக்கூட இருக்கலாம். வாரன்டி உங்கள் பெயருக்கு மாறுமா, ஆப் கணக்கை மாற்றித் தருவார்களா, அசல் சார்ஜர் கையில் இருக்கிறதா, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பதற்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் பதிவு என்ன சொல்கிறது, இவ்வளவையும் பார்த்துவிட்டு, முழுச் சார்ஜில் ஒருமுறை உங்கள் ஆபீஸ் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து விலை பேசுங்கள்.

பேட்டரி செத்துவிட்டால் பழைய இரும்புக் கடையில் போடலாமா?

கூடாது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்பாடு முடிந்த பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் எடைக்குப் போட்டால் சுத்தியலால் உடைத்துப் பிரிப்பார்கள், உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் அந்தப் பையன்களின் கையில் வெடிக்கும்.